அமெரிக்கத் தேர்தலும் ஆண்டவனும்

2024-ம் வருஷம் நவம்பர் மாதம் 5-ந் தேதி அமெரிக்க ஐக்கிய நாடுகளில் பிரசிடெண்டு பதவிக்கு எலெக்ஷன் நடந்தது. அந்த எலெக்ஷனுக்காக நம் திருவாரூர் ஜில்லா மன்னார்குடிப் பக்கத்தில் துளசேந்திரபுரம் என்னும் கிராமத்துத் தர்மசாஸ்தா கோவிலில் அர்ச்சனை நடந்தது. ஜனநாயகக் கட்சியின் அபேட்சகரான கமலா ஹாரிஸ் அம்மையாரின் தாய்வழிப் பாட்டனாருக்கு அந்த ஊர் பூர்வீகமாம். ஆகவே சாஸ்தாவுக்கும் அந்த எலெக்ஷனில் பாத்தியதை உண்டு என்பது அர்ச்சகர்களின் முடிவு. இது இப்படி இருக்க, ஆந்திராவில் வட்லூரு என்னும் கிராமத்திலும் பூஜை நடந்தது. அது எதிர்க்கட்சியாரின் வெற்றிக்காக! குடியரசுக் கட்சியின் உப பிரசிடெண்டு அபேட்சகர் வான்ஸ் என்பவருடைய மனைவியாரின் முன்னோர்கள் அந்த ஊர்க்காரர்களாம்.

ஆகவே இரண்டு ஊர் சாமிகளும் ஏழு கடல் தாண்டிச் சண்டையிட்டார்கள். டிரம்ப் அவர்களுக்கு 312 எலெக்டர் ஓட்டும், ஹாரிஸ் அம்மையாருக்கு 226-ம் கிடைத்தன. சாஸ்தா தோற்றார் என்று துளசேந்திரபுரத்தில் யாராவது அர்ச்சகரின் தட்டில் காசு போடுவதை நிறுத்தினார்களா என்று விசாரிக்கத் தேவையில்லை. ஜெயித்தால் சாமியின் மகிமை, தோற்றால் நம் கர்மம் என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. பென்சில்வேனியா, மிச்சிகன், ஜார்ஜியா முதலிய ஏழு மாகாணங்களே அந்த எலெக்ஷனைத் தீர்மானிக்கும் என்பது இரு கட்சி வேலைக்காரர்களுக்கும் மாதக்கணக்கில் முன்பே தெரியும். ஆகவே பணமும் ஆட்களும் அங்கேதான் போய்க் குவிந்தனரே ஒழிய, மன்னார்குடிக்கு யாரும் வரவில்லை.

இதைக் கேட்ட சில படித்த அன்பர்கள், "நம் ஜனங்கள்தான் மூடர்கள், அமெரிக்கர்கள் விஞ்ஞானிகளாயிற்றே" என்று சொல்லக்கூடும். 2020-ல் டிரம்ப் அவர்களே மறுபடியும் ஜெயிப்பார் என்று ஆண்டவன் தங்கள் காதில் சொன்னதாக அந்த நாட்டில் எத்தனையோ பாதிரிகள் தீர்க்கதரிசனம் சொன்னார்கள். ஜெயித்தவர் பைடன். பொய் சொன்னது ஆண்டவனா பாதிரியா என்ற கேள்விக்கு, "நாங்கள்தான் தப்பாகக் கேட்டுவிட்டோம்" என்று மன்னிப்புக் கேட்டவர்கள் ஒரு சிலரே. மற்றவர்கள், ஆண்டவன் சொன்னது மெய், ஓட்டு எண்ணினதுதான் பொய் என்று சாதித்தார்கள்.

இவ்வளவுக்கும் அமெரிக்காவின் அரசியல் சட்டத்தில் கடவுளுக்கு இடமே கிடையாது. எந்த உத்தியோகத்திற்கும் மத சம்பந்தமான பரீட்சை கூடாது என்று அதன் 6-வது ஷரத்து தெளிவாகச் சொல்லுகின்றது. ஆனால் சட்டம் நீக்கின பரீட்சையை ஓட்டர்கள் வைத்துக்கொண்டார்கள். 1800-ல் ஜெபர்ஸன் அபேட்சகராக நின்றபோது, அவர் நாஸ்திகர், அவர் வந்தால் உங்கள் பைபிளைப் பறித்துக்கொள்வார் என்று பாதிரிகள் பயமுறுத்தினார்கள். அவர் ஜெயித்தார், யாருடைய பைபிளும் பறிபோகவில்லை. 1928-ல் ஆல் ஸ்மித் என்பவர் கத்தோலிக்கர் என்பதற்காகவே வழக்கமாக அவர் கட்சிக்கே ஓட்டுப் போட்டுவந்த தென் மாகாணங்கள் சில எதிர்ப்பக்கம் சாய்ந்தன. 1960-ல் கென்னடி அவர்கள் ஹூஸ்டன் நகரத்துப் பாதிரிகள் முன்னால் நின்று, போப்பின் உத்தரவுப்படி தாம் ராஜ்யம் நடத்தப் போவதில்லை என்று வாக்குக் கொடுக்க வேண்டியிருந்தது. 2019-ல் காலப் ஸ்தாபனத்தார் எடுத்த கணக்கில், தங்கள் கட்சி நிறுத்தும் யோக்கியதையுள்ள ஒரு நாஸ்திகருக்கு ஓட்டுப் போடச் சம்மதித்தவர்கள் நூற்றுக்கு 60 பேர்தான்.

நிற்க, கடவுள் பக்திதான் அமெரிக்கர்களின் ஓட்டைத் தீர்மானிக்கின்றதா என்று பார்ப்போமானால், அதுவும் இல்லை என்பதற்கு 1980-ம் வருஷத்து எலெக்ஷன் ஒன்றே போதும்.

அந்த எலெக்ஷனில் ஒரு பக்கம் ஜிம்மி கார்ட்டர். அவர் பாப்டிஸ்டு சபையில் மறுபிறப்பு அடைந்த கிறிஸ்தவர். ஞாயிற்றுக்கிழமை தோறும் சர்ச்சில் வேதபாடம் சொல்லிக்கொடுத்தவர். மறுபக்கம் ரொனால்டு ரீகன். அவர் சினிமா நடிகர். முதல் மனைவியோடு விவாகரத்து ஆனவர். கலிபோர்னியா கவர்னராயிருந்தபோது 1967-ல் கருக்கலைப்புக்கு இடங்கொடுக்கும் சட்டத்தில் கையெழுத்துப் போட்டவர். பைபிளைப் பார்த்து ஓட்டுப் போடுகிறவர்கள் யாருக்குப் போட்டிருக்க வேண்டும்? ஆனால் ஜெர்ரி பால்வெல் என்னும் பாதிரியார் 1979-ல் "தார்மீகப் பெரும்பான்மை" என்று ஒரு ஸ்தாபனம் ஏற்படுத்தி, வேதபாட வாத்தியாரைத் தள்ளிவிட்டு நடிகருக்கு ஓட்டுப் போடும்படி வெள்ளைக்காரப் பக்தர்களைத் திரட்டினார். ரீகன் 489, கார்ட்டர் 49.

கருக்கலைப்பு என்னும் பாவத்தை எதிர்க்கவே பக்தர்கள் அரசியலுக்கு வந்தார்கள் என்பது அவர்கள் சொல்லும் காரணம். ஆனால் தென் பாப்டிஸ்டு மகாசபையார் 1971-ல் நிறைவேற்றிய தீர்மானத்தில், பலாத்காரத்தால் உண்டான கர்ப்பம், தாயின் உடலுக்கோ மனதுக்கோ கெடுதல் விளைவிக்கும் கர்ப்பம் முதலியவற்றைக் கலைக்கச் சட்டம் இடங்கொடுக்க வேண்டும் என்றே கேட்டிருக்கிறார்கள். அப்படியானால் கோபம் எங்கிருந்து வந்தது?

பள்ளிக்கூடத்திலிருந்து வந்தது. வெள்ளைக் குழந்தைகளையும் கறுப்புக் குழந்தைகளையும் சர்க்கார் பள்ளிகளில் பிரித்து வைக்கக்கூடாதென்று 1954-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொல்லிற்று. அதன்மேல் தென் மாகாணங்களில் வெள்ளையர்கள் தங்களுக்கென்று தனிப் பள்ளிகள் கட்டிக்கொண்டார்கள். அவற்றில் அநேகம் சர்ச்சின் பேரால் நடந்தன. தர்ம ஸ்தாபனம் என்று சொல்லி வரி கொடுக்காமலும் இருந்தன. மிஸிஸிபி மாகாணத்துக் கறுப்புப் பெற்றோர்கள் இதை எதிர்த்து வழக்குப்போட, ஜாதி பிரிக்கும் பள்ளிக்கு வரிச்சலுகை கிடையாது என்று 1971-ல் கோர்ட்டில் தீர்ப்பாயிற்று. தென் கரோலினாவில் பாப் ஜோன்ஸ் யூனிவர்சிட்டி என்று ஒன்று. 1971 வரையில் கறுப்பு மாணவரையே சேர்க்காத வேதக்கல்லூரி அது. பிறகு சேர்த்தபோதும், கறுப்பரும் வெள்ளையரும் காதலித்துப் பழகக் கூடாதென்று விதி வைத்திருந்தது. 1976-ல் அதன் வரிச்சலுகை போயிற்று. 1978-ல் கார்ட்டர் சர்க்காரின் வரி இலாகா மற்றப் பள்ளிகளையும் சோதிக்கப் புறப்பட்டது. அப்போதுதான் பாதிரிகளுக்கு அரசியல் ஞானோதயம் உண்டாயிற்று! ஆனால் "கறுப்புப் பிள்ளைகளைச் சேர்க்கமாட்டோம், ஓட்டுப் போடுங்கள்" என்று மேடையில் கேட்க முடியுமா? ஆகவே கரு வந்தது, குடும்பம் வந்தது, பள்ளியில் ஜபம் வந்தது. ரீகன் அவர்களும் 1980 ஆகஸ்டில் தமது பிரசாரத்துக்கு மிஸிஸிபியில் நெஷோபா என்னும் ஜில்லாவின் சந்தைத் திடலைத் தேர்ந்தெடுத்து, மாகாணங்களின் உரிமையைப் பற்றிப் பேசினார். 1964-ல் கறுப்பர்களுக்கு ஓட்டுரிமை வாங்கித்தர உழைத்த மூன்று வாலிபர்களைக் கொன்று புதைத்த ஜில்லா அது. மாகாண உரிமை என்றால் அந்த ஊர்க்காரர்களுக்கு என்ன அர்த்தமாகும் என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

இன்னொரு அத்தாட்சியும் உண்டு. வெள்ளைக்கார இவாஞ்சலிக்கல் கிறிஸ்தவர்களில் 100-க்குச் சுமார் 80 பேர் 2016, 2020, 2024 ஆகிய மூன்று எலெக்ஷன்களிலும் டிரம்ப் அவர்களுக்கே போட்டார்கள். கறுப்புப் பிராட்டெஸ்டெண்டுகளில் 100-க்கு 80-க்குக் குறையாமல் அந்த மூன்று தடவையும் எதிர்க்கட்சிக்குப் போட்டார்கள். இருவருக்கும் பைபிள் ஒன்று, ஏசு ஒன்று, ஞானஸ்நானம் ஒன்று, பலருக்குச் சபையின் பெயர்கூட பாப்டிஸ்டு என்ற ஒன்றே. ஓட்டு மாத்திரம் இரண்டு. ஓட்டைத் தீர்மானிப்பது வேதமானால் ஒரே வேதத்திலிருந்து நேர் எதிரான இரண்டு ஓட்டு எப்படி வரும் என்று கேட்கின்றோம்.

அந்த இரண்டு சபைகளும் இரண்டானதே பிறவி பேதத்தினால்தான். பிலடெல்பியாவில் 18-ம் நூற்றாண்டின் கடைசியில், மெதடிஸ்டு சர்ச் ஒன்றில் மண்டியிட்டு ஜபம் செய்துகொண்டிருந்த கறுப்பர்களை, அது உங்களுக்கு விட்ட இடமல்ல என்று ஜபத்தின் நடுவிலேயே பிடித்து இழுத்தார்கள். (வைக்கத்துத் தெருவை அறிந்த நம் வாசகர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.) அப்படி வெளியேறியவர்களில் ரிச்சர்டு ஆலன் என்பவர் 1816-ல் கறுப்பர்களுக்கென்றே தனிச் சபை கண்டார். தென் பாப்டிஸ்டு மகாசபை 1845-ல் ஏற்பட்டதும், அடிமை வைத்திருப்பவர் மிஷனரியாகலாமா என்ற தகராறில், ஆகலாம் என்று சொன்னவர்கள் பிரிந்துவந்து ஏற்படுத்தியதுதான். அதற்கு அந்தச் சபையார் மன்னிப்புக் கேட்டது 1995-ல்! 150 வருஷம் தினமும் வேதம் வாசித்த பிறகு!

இந்தப் பக்தர்கள் ஆண்ட மாகாணங்களில் கறுப்பர்களின் ஓட்டு என்ன ஆயிற்று? லூயிஸியானாவில் 1896-ல் ஓட்டர் ஜாபிதாவில் இருந்த கறுப்பர்கள் 1,30,334 பேர். 1904-ல் 1,342 பேர். இடையில் பிளேக் வரவில்லை, சட்டம் வந்தது. எழுத்துப் பரீட்சை என்றார்கள், சொத்து என்றார்கள், தலைவரி கட்டின ரசீது என்றார்கள். எழுத்தறியாத வெள்ளையனைத் தப்பவிட, 1867-க்கு முன் அவன் பாட்டனுக்கு ஓட்டு இருந்தால் அவனுக்கும் உண்டு என்றார்கள். அடிமைக்கு ஓட்டுள்ள பாட்டன் ஏது? ஆகவே பிறவியைப் பெயர் சொல்லாமலே பிறவியைக் கொண்டு ஓட்டைப் பிடுங்கினார்கள்.

அந்த ஓட்டைத் திரும்ப வாங்கித்தந்தது கறுப்பர்களின் சர்ச்தானே, மார்ட்டின் லூதர் கிங் ஒரு பாதிரிதானே என்று சிலர் கேட்கலாம். வாஸ்தவம். 1965 மார்ச் 7-ந் தேதி ஸெல்மா நகரத்துக் கூட்டம் புறப்பட்டதும் ஒரு சர்ச்சிலிருந்துதான். வேறு எந்தக் கட்டிடத்தில் அவர்களைக் கூட விட்டார்கள்? பள்ளிக்கூடமும் டவுன்ஹாலும் வெள்ளையன் கையில் இருந்தன. சர்ச் ஒன்றுதான் கறுப்பன் தன் காசில் கட்டி, தன் ஆளை வைத்து நடத்தியது. இரண்டு நூற்றாண்டு அடிமைத்தனத்தில் அவர்கள் பாடாத ஜபமில்லை. அதனால் ஒரு சங்கிலியும் அறவில்லை. பாலத்தின்மேல் போலீசாரின் தடியடிக்கு நின்றார்கள். அதை நாடு முழுவதும் டெலிவிஷனில் பார்த்தது. ஆகஸ்டு 6-ந் தேதி ஓட்டுரிமைச் சட்டம் கையெழுத்தாயிற்று. மேலும் அவர்கள் கேட்டது வெள்ளையனுக்கும் உள்ள ஒரு ஓட்டு. எதிர்ப்பக்கத்தார் வேதத்தைக் காட்டிக் கேட்டதோ அடுத்தவனுக்கு இல்லாத ஒரு பள்ளி. இரண்டையும் ஒரே தராசில் வைக்க நாம் தயாராயில்லை.

கட்சி வேலைக்காரனுக்கு இந்த விசாரமெல்லாம் இல்லை. அவனுக்கு வேண்டியது விலாசம். வாரத்துக்கு ஒரு நாள் தவறாமல் ஒரே இடத்தில் கூடுகிறவர்கள், சொன்னால் கேட்கிறவர்கள், கேள்வி கேட்டால் பாவம் என்று பழக்கப்பட்டவர்கள் — இப்படிப்பட்ட ஜாபிதா சர்ச்சைத் தவிர வேறு எங்கே கிடைக்கும்? 2004-ல் ஜார்ஜ் புஷ் கட்சியார் தங்கள் ஆதரவாளர்களிடம் அவரவர் சர்ச்சின் அங்கத்தினர் ஜாபிதாவை அனுப்பும்படி பகிரங்கமாகவே கேட்டார்கள். அதே நவம்பரில் 11 மாகாணங்களில் ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் மணந்துகொள்வதைத் தடுப்பதா என்ற கேள்வியும் ஓட்டுச்சீட்டில் சேர்ந்தே வந்தது. பதினொன்றிலும் தடை நிறைவேறியது. ஈராக்கில் யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷம் அது.

இந்த ஓட்டுக்குப் பக்தர்கள் பெற்ற கூலி என்ன? சர்க்கார் பள்ளிகளில் ஜபத்தைக் கொண்டுவரும் அரசியல் சட்டத் திருத்தம் 1984-ல் செனட் சபையில் தோற்றது. ஆனால் பெரும் பணக்காரரின் உச்ச வருமான வரி, ரீகன் வந்தபோது நூற்றுக்கு 70 ஆக இருந்தது, அவர் போகும்போது 28 ஆயிற்று. 1981-ல் வேலைநிறுத்தம் செய்த ஆகாய விமானப் போக்குவரத்துத் தொழிலாளர் 11,000 பேருக்கு மேல் ஒரே உத்தரவில் வேலை இழந்தார்கள். சர்ச்சில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து ஓட்டுப் போட்ட ஏழை வெள்ளையனுக்கு மிஞ்சியது, தான் கறுப்பனுக்கு மேலானவன் என்ற எண்ணம் ஒன்றுதான். டுபாய்ஸ் என்னும் கறுப்பர் அறிஞர் இந்த எண்ணத்தையே, குறைந்த சம்பளத்துக்கு ஈடாக வெள்ளைத் தொழிலாளிக்குக் கொடுக்கப்பட்ட ஒருவகைக் கூலி என்று 1935-லேயே எழுதிவைத்தார். நம் நாட்டில் பூணூல்காரனுக்குக் கீழே நின்று, தனக்குக் கீழே ஒருவன் நிற்பதைப் பார்த்துத் திருப்தி அடைகிறவன் வாங்கும் கூலியும் அதுதான்.

மேலே சொன்ன பாப் ஜோன்ஸ் யூனிவர்சிட்டியின் கதைக்கு ஒரு பாக்கி இருக்கின்றது. கறுப்பரும் வெள்ளையரும் காதலிக்கக் கூடாதென்ற விதி தங்கள் மத நம்பிக்கை என்று அவர்கள் சுப்ரீம் கோர்ட் வரை வழக்காடி, 1983-ல் தோற்று, வரி கட்டிக்கொண்டே அந்த விதியைக் காப்பாற்றி வந்தார்கள். 2000 பிப்ரவரியில் ஜார்ஜ் புஷ் ஓட்டுக் கேட்டு அந்தக் கல்லூரி மேடையில் பேசினார். எதிரிகள் அதைப் பிடித்துக்கொண்டு, அந்த விதியைப் பத்திரிகைகளில் ஒரு மாதம் நாறடித்தார்கள். மார்ச் 3-ந் தேதி அதன் தலைவர் டெலிவிஷனில் தோன்றி, விதியை எடுத்துவிட்டதாகச் சொன்னார்.