கிளீனர் இருக்கை காலியான பிறகு

நாமக்கல் வட்டார லாரி உரிமையாளர்களுக்கும் ஓட்டுநர்களுக்கும் அவர்தம் குடும்பத்தாருக்கும் ஒரு திறந்த மடல்

நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி வட்டாரத்தில் லாரி ஓட்டுநர்கள் நெடுங்காலமாகக் கிளீனர் இருக்கையில்தான் உருவானார்கள். வண்டியில் ஏறும் பையன் முதலில் டயரைத் தட்டிப் பார்க்கவும், படுதா போட்டுக் கயிறு இழுத்துக் கட்டவும், ரிவர்ஸ் வரும் வண்டிக்குக் குரல் கொடுக்கவும் பழகினான். சில ஆண்டுகள் கழித்து, ஆளில்லாத சாலையில் மூத்த ஓட்டுநர் ஸ்டியரிங்கைக் கொடுத்தார். இம்முறைக்குப் பாடத்திட்டமும் சான்றிதழும் கிடையாது, கூலியும் சொற்பம். ஆனாலும் பாரம் ஏற்றிய வண்டி மேட்டிலும் மழையிலும் எப்படிப் போகும் என்பதை உடனிருந்தே பார்த்துத் தெரிந்துகொள்ள அது வழிவிட்டது.

டீசல், சுங்கக் கட்டணம், காப்பீடு எனச் செலவு ஏற ஏற, பல வண்டிகள் இன்று கிளீனர் இல்லாமலே நடை போகின்றன. ஓட்டுநர்களின் பிள்ளைகளும் தந்தையின் தொழிலுக்கு வரத் தயங்குகிறார்கள். தொழில் கற்ற இடம் போய்விட்டது. அதற்கு ஈடான இன்னொன்று முழுமையாக அமையவில்லை.

சட்டம் காட்டும் வழி தெளிவானது. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி, போக்குவரத்து வாகனம் ஓட்ட 20 வயது நிறைந்திருக்க வேண்டும். இலகுரக வாகன உரிமம் பெற்று ஓராண்டு ஆன பிறகே அதற்கான பழகுநர் உரிமம் கிடைக்கும். 2021 ஜூலையில் நடைமுறைக்கு வந்த அங்கீகாரம் பெற்ற பயிற்சி மையங்களுக்கான விதிகள், கனரக வாகனத்துக்கு 6 வாரங்களில் 38 மணி நேர வகுப்பையும் ஓட்டுப் பயிற்சியையும் வகுத்துள்ளன. நாமக்கல்லிலேயே அசோக் லேலண்ட் நிறுவனத்தின் ஓட்டுநர் பயிற்சி நிலையம் உள்ளது. இவை நல்ல தொடக்கம். ஆனால் உரிமம் பெற்ற அன்றே ஓர் இளைஞர் தனியாக வடமாநில லோடு எடுத்துப் போக 38 மணி நேரம் போதாது.

நான் வாழும் ஜெர்மனியிலோ லாரி ஓட்டுவது 3 ஆண்டுகள் படிக்கும் தொழில். மாணவர் ஒரு போக்குவரத்து நிறுவனத்தில் உதவித்தொகையுடன் வேலை பழகிக்கொண்டே தொழிற்பள்ளிக்கும் போகிறார். வாகனப் பராமரிப்பு, சரக்கைப் பிணைத்தல், ஆவணங்கள், ஓய்வு விதிகள் அனைத்தும் பாடம். வேறு வழியில் வருவோருக்கும் ஐரோப்பிய ஒன்றியத்தில் 140 அல்லது 280 மணி நேரத் தகுதிப் பயிற்சி உண்டு. பிறகு 5 ஆண்டுக்கு ஒருமுறை 35 மணி நேரம் மீள்பயிற்சி. நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிட இடைவேளை கட்டாயம். வண்டியிலுள்ள கருவி அதைப் பதிவு செய்கிறது.

நம் சாலைகளுக்கென்று தனிப் பாடங்களும் வேண்டும். தர்மபுரி–சேலம் வழியிலுள்ள தொப்பூர் கணவாய் இதற்குச் சான்று. டீசல் மிச்சமாகும் என்று இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால், எஞ்சின் வண்டியைப் பிடித்து நிறுத்தாது. பாரம் முழுவதும் பிரேக் டிரம்மின் மேல் விழும். டிரம் சூடேறிப் பிடிமானம் தளரும். திரும்பத் திரும்ப மிதித்தால் ஏர் அழுத்தமும் இறங்கும். இறக்கம் தொடங்கும் முன்பே கியரைக் குறைத்து, எக்ஸாஸ்ட் பிரேக்கைப் பயன்படுத்துவதே சரியான முறை. டேங்கருக்கு இன்னொரு பாடம்: பாதி நிரம்பிய டேங்கில் திரவம் அலைபாய்வதால், வளைவில் வண்டி கவிழும் ஆபத்து கூடுகிறது. இவற்றைக் காதால் கேட்டால் மட்டும் போதாது. மூத்த ஓட்டுநர் பக்கத்தில் இருக்க, கையாலும் காலாலும் பழக வேண்டும்.

இதற்கு ஊர் செய்யக்கூடியவை மூன்று. முதலாவது, உரிமையாளர் சங்கங்கள் பொது நிதி திரட்டி, ஹெவி லைசென்ஸ் எடுக்க விரும்பும் ஆண், பெண் இருபாலரின் பயிற்சிச் செலவையும் ஏற்பது. இரண்டாவது, உரிமம் பெற்ற பின் குறைந்தது ஓராண்டு, உரிய சம்பளத்துடன் இரண்டாம் ஓட்டுநராக மூத்தவரோடு அனுப்புவது. கற்றுக்கொடுக்கும் மூத்தவருக்கும் தனிப் படி தருவது. மூன்றாவது, வேலை நேரத்தையும் ஓய்வையும் எழுத்தில் உறுதி செய்வது. நாளொன்றுக்கு 8 மணி நேர வேலை என்பது 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் அன்றே வகுத்த அளவு. தூக்கத்தை விற்றுப் பேட்டா சம்பாதிக்கும் தொழிலுக்கு எந்தத் தாயும் மகனை மனமுவந்து அனுப்பமாட்டாள்.

இந்தச் செலவு சிறியதல்ல. ஆனால் ஓட்ட ஆளில்லாமல் பட்டறையில் நிற்கும் வண்டிக்கும் தவணை கட்டித்தான் ஆக வேண்டும். ஒரு விபத்தில் போன உயிருக்கு ஈடே கிடையாது. ஓட்டுநரை உருவாக்கும் பொறுப்பு, அவரை நம்பிச் சரக்கையும் வண்டியையும் ஒப்படைக்கும் அனைவருக்கும் உரியது.

அன்புடன்,
ஜெர்மனியில் வாழும் நாமக்கல்காரர் ஒருவர்