கூரை யாருடையது?

1902இல் சிவசமுத்திரத்தில் உற்பத்தியான மின்சாரம் முதலில் சென்றடைந்தது கோலார் தங்கவயலைத்தான். பெங்களூருவுக்கே 1905இல்தான் மின்விளக்கு வந்தது. ஆனால் அந்த மின்சாரம் பிரிட்டிஷ் கம்பெனியின் இயந்திரங்களுக்காக வந்ததேயன்றி, மாரிகுப்பம் லைன் வீடுகளில் வாழ்ந்த தமிழ்த் தொழிலாளிக்காக அல்ல.

2024 பிப்ரவரியில் ஒன்றிய அரசு தொடங்கிய ‘பிரதமர் சூர்ய கர்’ திட்டமும் அத்தொழிலாளியின் வாரிசுகளை வாசலிலேயே நிறுத்துகிறது. ஒதுக்கீடு ரூ.75,021 கோடி, இலக்கு ஒரு கோடி வீடுகள். 3 கிலோவாட் சூரிய மின்தகடுகளுக்கு ரூ.78,000 மானியம், எஞ்சிய செலவுக்கு ஈடில்லா வங்கிக் கடன். நிபந்தனையோ சொந்த வீடும் தகுந்த கூரையும். 2001இல் மூடப்பட்ட பாரத் தங்கச் சுரங்க நிறுவனத்தின் குடியிருப்புகளில் உரிமைப் பத்திரமின்றி வாழும் குடும்பங்கள் எந்தக் கூரையைக் காட்டும்?

கடன் கிடைத்தாலும் கணக்கு உதைக்கிறது. மின்கட்டணத்தில் மிச்சமாகும் பணத்தைக் கொண்டு தவணை கட்டலாம் என்கிறார்கள். கர்நாடகத்தின் ‘கிருஹ ஜோதி’ வரம்புக்குள், 200 யூனிட்டுக்கும் குறைவாகப் பயன்படுத்தும் ஏழை வீட்டுக்குக் கட்டணமே இல்லை. பிறகு மிச்சமேது? தவணை மட்டுமே மிஞ்சும். பெரிய மாடியும் பெரிய மின்கட்டணமும் உள்ளவருக்கே திட்டம் இனிக்கிறது.

விடியலில் மாரிகுப்பத்தில் ரயிலேறிப் பெங்களூருவுக்குக் கூலி வேலைக்குச் செல்வோருக்கு வேண்டியது இன்னொரு கடன் அல்ல. குடியிருப்புக்கு உரிமைப் பத்திரம், வெயிலில் தகிக்கும் தகரக் கூரைகளை முழு அரசுச் செலவில் மாற்றுதல், பொதுக் கட்டடங்களில் கூட்டுச் சூரிய மின்நிலையம் ஆகியவையே உடனடித் தேவைகள். முதலில் கூரை அவர்களுடையதாகட்டும்; சூரியன் பிறகு வரட்டும்.