எந்த மாத்திரை லேசு? எந்த மாத்திரை மோசம்? தலைகீழாக நிற்கும் மருந்து சட்டம்!

சாயங்காலம் பட்டாசு ஆலை வேன் வந்து நின்றதும் ஆனைக்குட்டம் பக்கத்துப் பெட்டிக்கடைகளில் சட்டென்று விற்பவை இரண்டு. ஒன்று டீ. இன்னொன்று தலைவலி மாத்திரை. திருத்தங்கல், சிவகாசி ரோட்டில் எந்த ஊருக்குப் போனாலும் இதே கதைதான். காலையில் இருந்து குத்தவைத்து வேலை பார்த்த உடம்பு. இடுப்பு விண்விண் என்று தெறிக்கிறது.

"அண்ணாச்சி, மாத்திரை ஒண்ணு குடுங்க."

"சாப்பிட்டுட்டுப் போடு தாயி."

கடைக்காரர் கத்தரிக்கோலை எடுத்து அட்டையில் ஒன்றை வெட்டிக் கொடுக்கிறார். மருந்தின் தேதி அச்சடித்த மூலை அட்டையோடு தங்கிவிடுகிறது.

இது குற்றமா? ஆமாம், குற்றம்தான் என்கிறது சட்டம்!

1945-ம் ஆண்டு மருந்து விதிகளில் 'கே' அட்டவணை என்று ஒன்று உண்டு. பாரசிட்டமால், ஆஸ்பிரின், வலி தைலம், கிரைப் வாட்டர், இருமல் மிட்டாய், தீப்புண் களிம்பு, டிஞ்சர் அயோடின் போன்ற வீட்டு மருந்துகளை லைசென்சு இல்லாமலே விற்கலாம் என்று அதில் இருக்கிறது. ஆனால் அந்தக் கிராமத்தின் ஜனத்தொகை 1000-க்கு மேல் போகக்கூடாது. லைசென்சு உள்ள மொத்த வியாபாரியிடமோ, கம்பெனியிடமோதான் சரக்கு எடுக்க வேண்டும். கம்பெனி பாக்கெட்டைப் பிரிக்காமல் விற்க வேண்டும்.

அதாவது ஊரில் 1001-வது குழந்தை பிறந்த அன்று, நேற்று வரை மருந்தாக இருந்த பாரசிட்டமால் இன்றைக்குக் கேஸ் ஆகிவிடும். நல்ல வேடிக்கை! எந்தப் பெட்டிக்கடைக்காரர் ஜனத்தொகைக் கணக்கு வைத்திருக்கிறார்?

பெட்டிக்கடை மாத்திரைக்கு ஆபத்தே இல்லை என்று நான் சொல்லவில்லை. பாரசிட்டமாலை அளவுக்கு மீறிப் போட்டால் ஈரல் கெடும். வெறும் வயிற்றில் ஆஸ்பிரின் போட்டால் குடல் புண்ணாகும். ஆனால் இவற்றைப் போட்டு யாரும் போதையில் விழுவதில்லை. ஆபத்து வேறு, அடிமைத்தனம் வேறு. இரண்டையும் ஒரே தராசில் போடக்கூடாது.

மேல் படியில் நடக்கும் கூத்து!

'கே' அட்டவணைக்கு மேலே படிப்படியாக ஏறுகிறது சட்டம். 'எச்' அட்டவணை மருந்துக்கு டாக்டர் சீட்டு வேண்டும். 2014 மார்ச் 1-ந் தேதி முதல் 'எச்-1' என்று புதுப் படி வந்தது. இந்த மருந்தை விற்கிற கடைக்காரர் தனி நோட்டுப் போட்டு, எழுதிய டாக்டர் பெயர், வாங்கியவர் பெயர், மருந்து, அளவு எல்லாவற்றையும் எழுத வேண்டும். அந்த நோட்டை 3 வருஷம் வைத்திருக்க வேண்டும். தூக்க மாத்திரை டயாசிபாம், அல்பிரசோலம் எல்லாம் இதில்தான் வருகின்றன. அதற்கும் மேலே 'எக்ஸ்'. எல்லாவற்றுக்கும் உச்சியில் 1985-ம் ஆண்டு போதைப் பொருள் சட்டம்.

அமெரிக்காவிலும் படி உண்டு. 1970-ல் கொண்டு வந்த சட்டத்தில் 5 அட்டவணை. நாலாவதும் ஐந்தாவதும் அடிமையாகும் வாய்ப்பு குறைந்த மருந்துகளுக்கு. அங்கே டிரமடால் என்ற வலி மாத்திரையை 2014-ல் நாலாவது அட்டவணையில் வைத்தார்கள். டபென்டடால் என்ற இன்னொரு வலி மாத்திரையை 2009-லேயே இரண்டாவது அட்டவணையில், மார்பின் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். இரண்டில் அதுதான் வீரியமானது.

நம் நாட்டில் என்ன செய்தார்கள்? 2018 ஏப்ரலில் டிரமடாலைப் போதைப் பொருள் சட்டத்துக்குள் இழுத்தார்கள். 250 கிராம் பிடிபட்டால் வணிக அளவு. 10 வருஷத்துக்குக் குறையாத சிறை. ஆனால் வீரியமான டபென்டடால் அந்த அறிவிப்பில் இல்லை! சின்னத் திருடனைப் பிடித்து உள்ளே போட்டுவிட்டு, பெரிய திருடனுக்குக் கதவைத் திறந்து விட்ட கதை இது.

விளைவு என்ன? மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிய வாலிபர்கள் கைது என்று தமிழ்நாட்டில் ஊர் ஊராகச் செய்தி வந்தது. கரைத்த மாவு ரத்தக் குழாயை அடைக்கும். ஒரே ஊசியை நாலு பேர் போட்டால் மஞ்சள் காமாலைக் கிருமியும் கூடவே போகும். 2025 பிப்ரவரியில், டபென்டடாலோடு இன்னொரு மருந்தைக் கலந்து மேற்கு ஆப்பிரிக்காவுக்கு அனுப்பியதை பி.பி.சி. வெளியே கொண்டு வந்த பிறகுதான், அந்தக் கலவையைத் தயாரிக்கவும் ஏற்றுமதி செய்யவும் மத்திய அரசு தடை போட்டது. வெளிநாட்டுக்காரன் சொன்னால்தான் நமக்குக் காது கேட்குமா?

10 பாட்டிலுக்கு 10 வருஷம்!

கோடீன் இருமல் மருந்து கதை இன்னும் சிக்கல். 100 மில்லி பாட்டிலில் இருக்கும் கோடீன் 200 மில்லி கிராம்தான். இந்த மாதிரி குறைந்த அளவுக் கலவைகளுக்கு 1985 அறிவிப்பிலேயே விதிவிலக்கு இருக்கிறது. டாக்டர் சீட்டோடு கடையில் வாங்கினால் அது சாதா இருமல் மருந்து. அதே சரக்கு பில் இல்லாமல் பெட்டியோடு பிடிபட்டால்? போதைப் பொருள் என்பார்கள் போலீசார். விதிவிலக்கு உண்டு என்பார் வக்கீல்.

கலந்த சரக்கு முழுவதையும் சேர்த்தே எடை போட வேண்டும் என்று 2020 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு சொன்னது. 10 பாட்டிலை நிறுத்தால் ஒரு கிலோவைத் தாண்டும். கோடீனுக்கு ஒரு கிலோ வணிக அளவு. உள்ளே இருக்கும் அசல் கோடீனோ 2 கிராம். மற்றதெல்லாம் சர்க்கரைப் பாகு! சர்க்கரைக்குமா ஜெயில் என்று கேட்கத் தோன்றுகிறது. கள்ளச் சந்தையில் பெட்டி பெட்டியாக ஓட்டுகிறவனுக்கு நான் பரிந்து பேச வரவில்லை. ஆனால் எது லேசு, எது மோசம் என்பதைப் பாகின் எடையா முடிவு செய்வது?

இதில் நடுவில் மாட்டிக்கொண்டு முழிப்பவன் நிஜமான வலிக்காரன். நம் பக்கத்தில் தீக்காயம் புதிது அல்ல. வெந்த உடம்புக்குப் பாரசிட்டமால் எந்த மூலைக்கு? கடுமையான வலி மருந்து வேண்டும். சட்டத்துக்குப் பயந்து ஆஸ்பத்திரிகளே மார்பினைத் தொடாமல் இருந்த காலம் உண்டு. அதற்காகத்தான் 2014-ல் போதைப் பொருள் சட்டத்தைத் திருத்தி, அத்தியாவசிய மருந்து என்று தனியாகப் பிரித்து லைசென்சு முறையை எளிதாக்கினார்கள். மனசு வைத்தால் சட்டத்தைப் பிரித்து எழுத முடியும் என்பதற்கு அதுவே சாட்சி.

அப்படியே இதையும் எழுதட்டும். டபென்டடாலை டிரமடால் பக்கத்தில் வைக்கட்டும். 2022 மே மாதம் 16 மருந்துகளை டாக்டர் சீட்டு இல்லாமல், அதிகம் போனால் 5 நாளைக்கு மட்டும் விற்கலாம் என்று மத்திய அரசு ஒரு வரைவு போட்டது. நல்ல யோசனை. ஆனால் அதுவும் லைசென்சு உள்ள கடைக்குத்தான். வேன் நிற்கிற இடத்தில் மருந்துக் கடை ஏது? பாரசிட்டமால், தைலம், தீப்புண் களிம்பு இவ்வளவுக்காவது அந்த 1000 பேர் கணக்கைத் தூக்கிவிட்டு, தமிழில் அச்சடித்த சின்ன பாக்கெட்டாகப் பெட்டிக்கடைக்கு விடலாம். கத்தரிக்கோலுக்கும் வேலை இல்லை, தேதியும் கையோடு வரும்.

பெட்டிக்கடையில் பாரசிட்டமால் அட்டையை எண்ணுவதை விட்டுவிட்டு, மருந்து இன்ஸ்பெக்டர்கள் டவுன் கடைகளில் அந்த 'எச்-1' நோட்டைப் புரட்டட்டும். 3 வருஷத்து நோட்டு கடையில் இருந்தாக வேண்டும் அல்லவா? கேட்டால் எத்தனை கடையில் எடுத்துக் காட்டுவார்கள்?