ஏணியும் சுவரும்



தேவாரத்தில், ஏலத்தோட்ட வேலைக்கு மலையேறும் பெற்றோரின் மகன் ஒருவன் கணக்குத் தாளுடன் கண்கலங்கி நம்மிடம் வந்தான். இரு செங்கோண முக்கோணங்களின் மூன்று கோணங்களும் சமமெனக் கண்டு, 'சர்வசமம்' என்றெழுதி மதிப்பெண் இழந்திருந்தான். அடுத்த வீட்டுப் பையனைச் சுட்டித் தந்தையும் கடிந்துகொண்டாராம்.

கோணங்கள் ஒத்தால் வடிவம் ஒக்கும். அளவும் ஒக்கவேண்டும் என்பதில்லை. ஆலயச் சுவரைக் காட்டி விளக்கினோம். 13 அடி ஏணியின் கால், சுவரிலிருந்து 5 அடி தள்ளி நின்றால், தலை 12 அடி உயரத்தைத் தொடும். அதே நீள ஏணியை மறுபுறச் சுவரிலும் 5 அடி தள்ளிச் சார்த்தினால் அதே 12 அடிதான். கர்ணமும் மற்றொரு பக்கமும் சமமாயின், பித்தாகோரசின் தேற்றப்படி மூன்றாம் பக்கமும் சமமே. ஆகவே செங்கோண முக்கோணங்கள் இரண்டும் சர்வசமம். 1574-இல் யூக்ளிடின் நூலுக்கு உரை வெளியிட்ட இயேசு சபைக் குரு கிளாவியுஸ், தம் சபைக் கல்லூரிகளில் கணிதத்துக்கு உரிய இடம் வேண்டுமென வாதாடியதன் பொருள் நமக்கு விளங்குகிறது: அது பொறுமையாக அளந்து தீர்ப்பிடக் கற்பிக்கிறது.

பெற்றோரே, உயிரற்ற முக்கோணத்தையே அளந்த பிறகுதான் சமமென்கிறோம். ஒரே வயது, ஒரே வகுப்பு என்பதற்காக நம் பிள்ளையைப் பிறர் பிள்ளையோடு ஒப்பிடலாமோ? தாலந்து உவமையில் தலைவரும் அவரவர் திறமைக்குத் தக்கவாறே கொடுத்தார் அன்றோ!