கடைசி ஆள் என்று தீர்ப்புச் சொல்வது யார்?

'அவதார்: தி லாஸ்ட் ஏர்பெண்டர்' அனிமேஷன் தொடர் 2005 முதல் 2008 வரை ஒளிபரப்பானது. பனிப்பாறைக்குள் நூறு ஆண்டுகள் உறைந்து கிடந்து விழித்த 12 வயதுச் சிறுவன் ஆங், மூன்றாவது அத்தியாயத்தில் தான் வளர்ந்த தென்திசைக் கோயிலுக்குத் திரும்புகிறான். அவனை வளர்த்த துறவி கியாட்சோ எலும்புக்கூடாகக் கிடக்கிறார். கழுத்தில் அவருடைய மாலை. சுற்றிலும் நெருப்பு தேச வீரர்களின் எலும்புகள். இனப்படுகொலையைக் குழந்தைகள் தொடர் இவ்வளவு நேராகக் காட்டியது பெரிய துணிச்சல்.

வால்நட்சத்திரம் தந்த வலிமையோடு நெருப்பு தேச மன்னன் சோசின், காற்றை ஆளும் ஆங்கின் இனமான காற்று நாடோடிகளைப் பூண்டோடு அழித்தான் என்கிறது கதை. ஒருவர்கூடவா தப்பவில்லை? ரசிகர்கள் இன்றும் விடாமல் கேட்கும் கேள்வி இது. கேட்பதில் நியாயம் இருக்கிறது. பறக்கும் எருமையில் ஏறி ஊர் ஊராகச் சுற்றியவர்கள் எல்லோரும் தாக்குதல் நாளில் கோயிலுக்குள்ளேயே இருந்திருப்பார்களா? தப்பியவர்களைப் பிடிக்க நெருப்பு தேசம் பொறி வைத்ததாக, தொடரை ஒட்டி வந்த சித்திரக் கதை ஒன்றே சொல்கிறது.

நிஜ உலகமும் ரசிகர்கள் பக்கமே நிற்கிறது. டாஸ்மேனியத் தீவின் பூர்வகுடிகளை ஆங்கிலேயக் குடியேறிகள் வேட்டையாடினார்கள். மிஞ்சியவர்களை ஃபிளிண்டர்ஸ் தீவுக்கு அனுப்பினார்கள். 1876-இல் ட்ருகானினி என்ற பெண் இறந்ததும், அந்த இனமே முடிந்தது என்று அறிவித்தார்கள். அவருடைய எலும்புக்கூட்டை 1947 வரை அருங்காட்சியகத்தில் காட்சிக்கும் வைத்திருந்தார்கள். ஆனால் அப்போது டாஸ்மேனியாவிலேயே ஃபேனி காக்ரேன் ஸ்மித் என்ற பூர்வகுடிப் பெண் உயிரோடு இருந்தார். 1899-இலும் 1903-இலும் தம் மக்களின் பாடல்களை மெழுகு உருளைகளில் பாடிப் பதிவு செய்தார். அவருடைய சந்ததியினரும், பாஸ் நீரிணைத் தீவுகளில் சீல் வேட்டைக்காரர்களோடு வாழ நேர்ந்த பெண்களின் சந்ததியினரும் இன்று ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். எஞ்சிய சொற்களைத் திரட்டி 'பலவா கானி' என்ற மொழியை மீட்டெடுத்துப் பேசுகிறார்கள். இனம் அழிந்துவிட்டது என்ற அறிவிப்பு அவர்களுடைய நில உரிமைக் கோரிக்கைக்குக் குறுக்கே நெடுங்காலம் நின்றது. கடைசி ஆள் இறந்துவிட்டார் என்று அறிவிப்பதில் யாருக்கு லாபம் என்பதை இங்கே பார்க்கலாம்.

'அவதார்' கதையின் தொடர்ச்சியாக 2012-இல் தொடங்கிய 'தி லெஜண்ட் ஆஃப் கோரா', ஒருவர்கூடவா தப்பவில்லை என்ற ரசிகர்களின் கேள்விக்கு மந்திரத்தால் விடை சொன்னது. கோள்கள் ஒரே நேர்கோட்டில் வந்து ஆவியுலகத்தின் வாசல்கள் திறந்த பிறகு, காற்றை ஆளும் ஆற்றல் எங்கெங்கோ இருந்த சாதாரண மனிதர்களுக்குத் திடீரென வாய்த்துவிட்டது. ஆங்கின் மகன் டென்சின் அவர்களைத் திரட்டி முன்னோர் வரலாற்றைச் சொல்லும்போது அவர்கள் கொட்டாவி விடுகிறார்கள். ஆற்றல் கிடைத்துவிட்டது, மக்கள் திரும்பவில்லை.

இதைவிட நல்ல விடை அதே கதையில் முன்பே இருந்தது. 'தி பிராமிஸ்' சித்திரக் கதையில், தன் இனத்தின் பச்சைகுத்துக் குறிகளை விளையாட்டாக அணிந்த ரசிகைகளைக் கண்டு ஆங் கொதிக்கிறான். பிறகு மனம் மாறி, அவர்களுக்குத் தன் மக்களின் வழக்கங்களைக் கற்றுத் தருகிறான். காற்றை அசைக்கத் தெரியாத அந்தச் சீடர்கள்தான் உணவையும் வழிபாட்டையும் கோயில்களையும் பல பத்தாண்டுகள் காப்பாற்றினார்கள். 'கோரா' தொடரோ அவர்களைப் பின்னணியில் நடமாடும் பணியாட்களாகவே காட்டியது. ஆற்றல் பெற்ற புதியவர்களுக்குப் பாடம் சொல்லும் இடத்திலாவது அவர்களை அமர்த்தியிருக்க வேண்டும்.