கணினிக்குக் கன்ட்ரோலர் அந்நியமல்ல

கணினியில் கேம் ஆடுவதென்றால் கீபோர்டும் மவுஸும்தான், கன்ட்ரோலர் டி.வி. முன்னால் சாய்ந்தபடி ஆடுகிறவர்களுக்கு என்ற பேச்சு கேம் ஆடுவோர் மத்தியில் தீர்ப்பைப்போலச் சொல்லப்படுகிறது. இதை நம்பி, பிளேஸ்டேஷனோடு வந்த நல்ல கன்ட்ரோலரை அலமாரியில் போட்டுவிட்டு, கார்ப் பந்தயத்தை அம்புக்குறி விசைகளால் ஓட்டிச் சலித்துப்போகிறவர்கள் பலர். அவர்களுக்காகவே இந்த மறுப்பு.

மவுஸ்தான் துல்லியமானது என்பது அப்படிப் பேசுகிறவர்களின் பெரிய வாதம். குறிபார்த்துச் சுடும் ஆட்டங்களில் அது உண்மைதான். கவுன்டர் ஸ்ட்ரைக்கைக் கன்ட்ரோலரில் ஆடும்படி நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். கை நகர்ந்த தூரம் அப்படியே குறியின் நகர்வாகிவிடுகிறது, மவுஸின் பலம் அது. ஆனால் துல்லியம் சுடுவதில் மட்டுமா வேண்டியிருக்கிறது? சாதாரணக் கீபோர்டின் விசைக்கு இரண்டே நிலைகள்: அழுத்தியிருக்கிறது, அல்லது இல்லை. ஃபோர்ஸா ஹொரைஸன் போன்ற பந்தயத்தில் ஈரச் சாலையின் வளைவுக்குள் நுழையும்போது ஆக்சிலரேட்டரை முக்கால்வாசி தளர்த்த வேண்டும். விசையால் அது முடியாது. தட்டித் தட்டி எடுக்கலாம், அவ்வளவுதான். எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலரின் ட்ரிகரோ, விரல் எவ்வளவு அழுத்தியிருக்கிறது என்பதை 0 முதல் 255 வரையிலான எண்ணாக விண்டோஸுக்குச் சொல்கிறது. ஸ்டிக்கின் ஒவ்வோர் அச்சுக்கும் 65,536 நிலைகள் உண்டு. டபிள்யூ, ஏ, எஸ், டி விசைகளில் கிடைப்பது எட்டே திசைகள். மெல்ல நடப்பதற்கும் ஓடுவதற்கும் இடைப்பட்ட வேகங்கள் அங்கே இல்லை.

ராக்கெட் லீக் இதற்கு நல்ல சாட்சி. 2015இல் வெளிவந்த அந்த ஆட்டத்தைக் கணினியில் ஆடும் தொழில்முறை வீரர்களில் மிகப் பெரும்பாலோர் பிடித்திருப்பது கன்ட்ரோலரைத்தான். பரிசுத் தொகைக்காக ஆடுகிறவர்கள் கருவியைச் சும்மா தேர்ந்தெடுப்பதில்லை. டார்க் சோல்ஸ் 2012இல் கணினிக்கு வந்தபோது அதன் கீபோர்டு, மவுஸ் ஏற்பாடு மிக மோசமாக இருந்தது. கன்ட்ரோலர் இல்லாமல் அதை ஆடியவர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல.

கன்சோல் கன்ட்ரோலரைக் கணினியில் இணைப்பது பெரிய தலைவலி என்கிறார்கள். 2005இல் எக்ஸ்பாக்ஸ் 360 கன்ட்ரோலர் வந்தபோதே மைக்ரோசாஃப்ட் விண்டோஸுக்கான டிரைவரையும் தந்தது. சிக்கல் இருந்தது பிளேஸ்டேஷன் கன்ட்ரோலரில். கணினிக்கு வந்த கேம்கள் பெரும்பாலும் எக்ஸ்இன்புட் என்ற எக்ஸ்பாக்ஸ் முறையையே எதிர்பார்த்தன, சோனியின் கன்ட்ரோலருக்கு அந்த முறை தெரியாது. 2016 டிசம்பரில் சோனியின் டூயல்ஷாக் 4 கன்ட்ரோலருக்கும், 2018இல் நின்டெண்டோ ஸ்விட்ச் ப்ரோ கன்ட்ரோலருக்கும் கணினி கேம்களை விற்கும் தளமான ஸ்டீம் நேரடி ஆதரவு கொடுத்தபின் அந்தத் தடை விலகியது. இன்றும் மிச்சமிருப்பவை சில்லறைத் தொல்லைகள். சார்ஜ் மட்டுமே ஏற்றும் கேபிளைச் செருகிவிட்டு, கணினி கண்டுகொள்ளவில்லை என்று கன்ட்ரோலரைக் குறைசொல்வது அடிக்கடி நடக்கிறது. டேட்டா கேபிளாக மாற்றினால் போதும். பிளேஸ்டேஷன் கன்ட்ரோலரை எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலராகக் காட்டும் டிஎஸ்4விண்டோஸ் செயலியையும் ஸ்டீமின் கன்ட்ரோலர் வசதியையும் சேர்த்தே இயக்கினால் ஒரு பொத்தான் இரண்டாகப் பதிவாகும். ஒன்றை அணைத்துவிட வேண்டும்.

கன்ட்ரோலரில் குறிபார்ப்பதற்குக் கேமே தரும் உதவியான எய்ம் அசிஸ்ட் ஏமாற்று வேலை என்ற புகாரில் கொஞ்சம் நியாயம் உண்டு. ஏபெக்ஸ் லெஜண்ட்ஸில் மவுஸ்காரர்களும் கன்ட்ரோலர்காரர்களும் ஒரே களத்தில் மோதும்போது அந்த உதவி எவ்வளவு இருக்கலாம் என்பது தீராத வழக்கு. ஆனால் அந்த அளவை வைப்பது கேமை உருவாக்கிய நிறுவனம். புகார் அங்கேதான் போக வேண்டும். தனியாக ஆடும் கேமில் உதவி வைத்துக்கொள்வதால் யாருக்கும் நட்டமில்லை.

எஞ்சியது, உண்மையான பிசி ஆட்டக்காரர்கள் இதைத் தொடுவதில்லை என்ற பெருமை. ஸ்டீமில் கன்ட்ரோலரோடு ஆடுவோரின் அன்றாடப் பங்கு 2018இல் 5 சதவீதமாக இருந்தது, பின்னர் 15 சதவீதமாக உயர்ந்தது என்று ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனமே சொல்லியிருக்கிறது. அந்நிறுவனம் 2022இல் வெளியிட்ட கையடக்க ஸ்டீம் டெக்கும் ஒரு கணினிதான், அதன் உடம்பிலேயே ஸ்டிக்குகள் இருக்கின்றன. எனக்கு இந்தப் பெருமையில் கோபம் வருவதற்கு வேறொரு காரணமும் உண்டு. கை இயக்கத்தில் குறைபாடு உள்ளவர்களுக்காக 2018இல் வந்த எக்ஸ்பாக்ஸ் அடாப்டிவ் கன்ட்ரோலர் விண்டோஸிலும் வேலை செய்கிறது. கீபோர்டை எட்டிப் பிடிக்க முடியாத ஒருவர் அதை வைத்து ஆடும்போது, அவர் உண்மையான ஆட்டக்காரர் இல்லை என்று சொல்ல யாருக்கு உரிமை?

கன்ட்ரோலர் வீட்டில் இருந்தால் அலமாரியிலிருந்து எடுங்கள். டேட்டா கேபிளில் செருகி, உங்களுக்குப் பிடித்த பந்தயத்தை ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள்.