இயந்திரத்துக்குள் ஓர் இலக்கியப் படைப்பு

அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் உலகின் மிகப் பெரிய நூலகங்களுள் ஒன்று. அதன் தலைவருக்கு ஒரு விசித்திரமான அதிகாரம் உண்டு. ஒருவர் தமது சொந்த வண்டியின் மென்பொருளைத் தொட்டுப் பழுதுபார்ப்பது சட்டமீறலா இல்லையா என்பதை மூன்றாண்டுகளுக்கு ஒருமுறை அவர் அறிவிக்கிறார். 1998ஆம் ஆண்டில் அங்கு இயற்றப்பட்ட டிஜிட்டல் பதிப்புரிமைச் சட்டம், மென்பொருளின் மீது போடப்பட்ட பூட்டை உடைப்பதைத் தடை செய்கிறது. அத்தடைக்கு விலக்கு அளிக்கும் பொறுப்பு நூலகத் தலைவருடையது. கார், லாரி, டிராக்டர் ஆகியவற்றைப் பழுதுபார்ப்பதற்காக அந்தப் பூட்டைத் திறக்கலாம் என்ற விலக்கு 2015 அக்டோபரில்தான் அறிவிக்கப்பட்டது. அதுவும் ஓராண்டு கழித்தே நடைமுறைக்கு வந்தது. உரிமையாளர் தம் கையாலேயே செய்ய வேண்டும், மெக்கானிக்கிடம் கொடுத்துச் செய்யக்கூடாது என்ற நிபந்தனை 2018 வரை நீடித்தது.

நூலகருக்கும் ஸ்பானருக்கும் என்ன தொடர்பு? தொடர்பு ஒரு சொல்லில் இருக்கிறது. அமெரிக்கச் சட்டத்தின் பார்வையில் கணினி நிரல் ஓர் இலக்கியப் படைப்பு. நம் நாட்டின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டமும், பின்னர் வந்த திருத்தங்களின் வழியாக, இலக்கியப் படைப்பு என்னும் வரையறைக்குள் கணினி நிரலைச் சேர்த்திருக்கிறது. புதுமைப்பித்தனின் கதையும் காரின் பிரேக்கை இயக்கும் நிரலும் சட்டத்தின் அகராதியில் ஓரினம். ஆகவே இலக்கியம் பேசும் நாம் இதைப் பற்றிப் பேசுவதற்குத் தனியாகக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஓர் எழுத்து யாருக்கு உரியது, அதை யார் வாசிக்கலாம், யார் படியெடுக்கலாம் என்பவை நமக்கு என்றும் உரிய கேள்விகள்.

அந்த எழுத்து குடியிருக்கும் பெட்டியை நம் பட்டறைகளில் ஈசிஎம் என்பார்கள். உள்ளங்கையைவிடச் சற்றே பெரிய அலுமினியப் பெட்டி. உள்ளே வரும் காற்று எவ்வளவு, இயந்திரத்தின் வெப்பம் எவ்வளவு, கால் எவ்வளவு அழுத்துகிறது என்பவற்றை உணரிகள் சொல்லக் கேட்டு, எவ்வளவு எரிபொருளை எந்தக் கணத்தில் தெளிக்க வேண்டும் என்று அது முடிவு செய்கிறது. 1967இல் ஃபோக்ஸ்வேகன் வண்டியில் பாஷ் நிறுவனத்தின் மின்னணு எரிபொருள் தெளிப்பு முறை வந்தபோது அது வெறும் மின்சுற்றாகவே இருந்தது. 1970களில் அமெரிக்காவின் புகைக் கட்டுப்பாட்டுச் சட்டங்கள் இறுகின. கார்புரேட்டரின் திருகைத் திருப்பி அந்தத் துல்லியத்தை எட்ட முடியாது என்றானபோது வண்டிக்குள் கணினி நுழைந்தது. 1986இல் பாஷ் அறிமுகப்படுத்திய கேன் இணைப்பு முறை, ஒரே வண்டியிலுள்ள பல பெட்டிகளும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள வழி செய்தது. இன்று ஒரு சாதாரணக் காரில்கூட இயந்திரம், பிரேக், காற்றுப்பை, ஸ்டீயரிங், விளக்குகள், முகப்புப் பலகை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெட்டி உண்டு.

இப்பெட்டிகள் மற்ற உதிரிபாகங்களைப் போலவே பழுதடைகின்றன. தண்ணீர் புகுகிறது, பற்றவைப்பு விட்டுப்போகிறது, பேட்டரியை மாற்றிப் பூட்டினால் கருகுகிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் மூழ்கிய வண்டிகளை நினைத்துக்கொண்டால் போதும். சேற்றைக் கழுவிவிடலாம். இருக்கையைக் காயவைக்கலாம். தண்ணீர் குடித்த ஈசிஎம்மைப் பெரும்பாலும் மாற்றத்தான் வேண்டும்.

பிரேக் கட்டை தேய்ந்தால் புதியதைப் பூட்டுகிறோம். அதோடு வேலை முடிகிறது. ஈசிஎம் விஷயத்தில் பூட்டுவது வேலையின் தொடக்கம் மட்டுமே. புதிதாக வரும் பெட்டி பெரும்பாலும் வெற்றேடு. அந்த வண்டியின் மாதிரிக்கும் இயந்திரத்துக்கும் உரிய நிரற்கோப்பைத் தயாரிப்பாளரின் சர்வரிலிருந்து இறக்கி, ஸ்டீயரிங்கின் கீழுள்ள பதினாறு முனைச் செருகியின் வழியாக எழுத வேண்டும். ஆர்.சி. புத்தகத்தில் காணும் பதினேழு எழுத்துச் சேஸிஸ் எண்ணைப் பதிய வேண்டும். வண்டியில் என்னென்ன வசதிகள் உள்ளன என்று சொல்ல வேண்டும். காமன் ரெயில் டீசல் வண்டி என்றால் ஒவ்வோர் இன்ஜெக்டரின் தலையிலும் பொறித்திருக்கும் குறியெண்ணைத் தனித்தனியே தர வேண்டியதும் உண்டு. எழுதி முடியும்வரை பேட்டரியின் மின்னழுத்தம் தளரக்கூடாது என்பதால் தனியே ஒரு மின்வழங்கியை இணைத்து வைப்பார்கள். பாதியில் மின்சாரம் தடைபட்டால் புத்தம்புதிய பெட்டி வெறுங்கல்லாகிவிடக்கூடும்.

இவற்றுக்கெல்லாம் மேலாகச் சாவி. சாவியின் தலைக்குள் ஒரு சிறு சில்லு இருக்கிறது. அதன் அடையாளம் பெட்டிக்குத் தெரிந்தால்தான் எரிபொருள் ஓடும். இம்மொபிலைசர் எனப்படும் இந்த ஏற்பாடு 1998 அக்டோபர் முதல் ஐரோப்பாவில் எல்லாப் புதிய கார்களிலும் கட்டாயமாயிற்று. புதிய பெட்டிக்குப் பழைய சாவியை அறிமுகம் செய்து வைக்க வேண்டும். அதற்கு முன் பெட்டி ஒரு புதிர் போடும்: ஓர் எண்ணை அனுப்பி, அதற்கு விடையாக வேறோர் எண்ணைக் கேட்கும். விடையைக் கணக்கிடும் சூத்திரம் தயாரிப்பாளரிடம் இருக்கிறது. சிலமுறை தவறாகச் சொன்னால் பெட்டி சிறிது நேரம் வாயை மூடிக்கொள்ளும்.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1980களின் ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளில், பழைய பெட்டியிலிருந்து ஒரு சிறு சில்லைக் கழற்றிப் புதிய பெட்டியில் செருகினால் வேலை முடிந்தது. எழுத்து வண்டியோடு இருந்தது. வண்டியின் உரிமையாளரோடு இருந்தது. 1990களில் அழித்து எழுதத்தக்க நினைவகம் வந்த பிறகு எழுத்து தயாரிப்பாளரின் சர்வருக்குக் குடிபெயர்ந்தது. தொழில்நுட்பத்தில் இது முன்னேற்றம்தான். ஒரு பிழையைத் திருத்தப் பெட்டியையே மாற்ற வேண்டியதில்லை. ஆனால் உரிமை இடம் மாறியதை அப்போது யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை.

சென்னைப் புதுப்பேட்டையின் சந்துகளில் கழற்றிப் போட்ட வண்டிகளின் உறுப்புகளைத் தேடி வாங்குவது பல தலைமுறைப் பழக்கம். கதவு, கண்ணாடி, கியர்பெட்டி எதுவானாலும் அங்கு கிடைத்ததைக் கொண்டுவந்து பொருத்தினால் வண்டி ஓடும். அங்கு வாங்கிய ஈசிஎம் அப்படி ஓடாது. அதற்குள் வேறொரு சேஸிஸ் எண்ணும் வேறொரு சாவியின் நினைவும் இருக்கின்றன. செத்துப்போன வண்டியின் நினைவை அழித்து, உயிரோடிருக்கும் வண்டியின் நினைவை அதில் எழுதத் தெரிந்தவர்கள் நம் ஊர்களில் இருக்கிறார்கள். பெட்டியைத் திறந்து, நினைவகச் சில்லை வாசித்து, பழைய பெட்டியின் உள்ளடக்கத்தை அப்படியே புதியதில் படியெடுக்கிறார்கள். நுண்மையான கைவேலை. இவர்களுக்கு ஒரு சான்றிதழ் இல்லை, முறையான கருவி இல்லை, உரிய கோப்பு இல்லை. திருடனுக்கும் இவர்களுக்கும் வேறுபாடு தெரியாதபடி ஓர் ஏற்பாட்டைச் செய்து வைத்துவிட்டு, இவர்கள் கள்ளத்தனமாக வேலை செய்கிறார்கள் என்று குறை சொல்வது நியாயமாகாது.

தயாரிப்பாளர்களின் வாதங்களை நாம் தட்டிக்கழிக்கவில்லை. அவை மூன்று. முதலாவது, திருட்டு: சாவியைப் பதியும் வழியை எல்லோருக்கும் திறந்தால் திருடனுக்கும் திறந்ததாகும். இரண்டாவது, பாதுகாப்பு: பிரேக்கையும் காற்றுப்பையையும் ஆளும் நிரலில் தெரியாதவர் கைவைத்தால் உயிர் போகும். மூன்றாவது, புகை: வேகத்துக்காக நிரலை மாற்றி எழுதிச் சூழலைக் கெடுப்பார்கள்.

முதல் வாதத்துக்கு விடை ஏற்கெனவே நடைமுறையில் இருக்கிறது. அமெரிக்காவில் நாஸ்டஃப் என்னும் அமைப்பு, பின்புலம் சரிபார்க்கப்பட்ட பூட்டுத் தொழிலாளர்களையும் மெக்கானிக்குகளையும் பதிவு செய்து, அவர்களுக்கு மட்டும் சாவித் தகவல் கிடைக்க வகை செய்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2021இல் கொண்டுவந்த விதியின்படி செர்மி என்ற பெயரில் அதே போன்ற ஏற்பாடு உருவாயிற்று. யார், எப்போது, எந்த வண்டியின் தகவலைப் பெற்றார் என்ற பதிவு இருந்தால் திருட்டுக்கு இடம் குறைவு. இரண்டாவது வாதத்தின் தர்க்கம் விந்தையானது. ஆபத்தான வேலை என்பதால் கருவியைத் தர மாட்டோம் என்கிறார்கள். முறையான கருவி இல்லாதபோதுதான் வேலை ஆபத்தாகிறது. 2015இல் இரண்டு ஆய்வாளர்கள் ஒரு ஜீப் வண்டியைத் தொலைவிலிருந்து கட்டுப்படுத்திக் காட்டியதும் 14 லட்சம் வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டன. அவர்கள் நுழைந்தது மெக்கானிக்கின் செருகி வழியாக அன்று. நிறுவனமே பொருத்தியிருந்த கைப்பேசி இணைப்பின் வழியாக.

மூன்றாவது வாதத்துக்கு ஃபோக்ஸ்வேகனே பதில் சொல்லிவிட்டது. சோதனைக்கூடத்தில் மட்டும் புகையைக் குறைத்துச் சாலையில் கக்கும்படி எழுதப்பட்ட நிரல், உலகெங்கும் ஏறத்தாழ 1 கோடியே 10 லட்சம் வண்டிகளில் இருந்தது 2015 செப்டம்பரில் அம்பலமாயிற்று. நிரலை மாற்றியது தெருமுனை மெக்கானிக் அல்லர். அதைக் கண்டுபிடிக்க வழி வகுத்தவர்கள், புகை அளக்கும் கருவியை வண்டியில் வைத்துச் சாலையில் ஓட்டிப் பார்த்த மேற்கு வர்ஜீனியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள். பூட்டிய எழுத்து தானாகவே நேர்மையான எழுத்தாகிவிடுவதில்லை.

2015 விலக்குக்கு முன் நடந்த விசாரணையில் டிராக்டர் தயாரிப்பாளரான ஜான் டியர் நிறுவனம் ஒரு விளக்கம் அளித்தது. டிராக்டரை வாங்கியவர் அதன் நிரலுக்கு உரிமையாளர் அல்லர், வண்டியின் ஆயுள்வரை அதை இயக்குவதற்கு மறைமுகமான உரிமம் பெற்றவர் மட்டுமே என்பது அதன் சாரம். விலை முழுவதையும் செலுத்தி, வரியும் கட்டி, காப்பீடும் எடுத்தவர் குத்தகைக்காரர் ஆகிறார். புத்தகத்தை வாங்கியவர் அதன் கதைக்கு உரிமையாளர் ஆகிவிடுவதில்லை, அது சரி. ஆயினும் ஏடு கிழிந்தால் ஒட்டிக்கொள்ளவும், அட்டை போனால் பைண்டு செய்துகொள்ளவும் பதிப்பாளரின் அனுமதி வேண்டுமென்று இதுவரை எவரும் சொன்னதில்லை. பழுதுபார்க்கும் உரிமையைக் கேட்பவர்கள் கேட்பது அவ்வளவே. நிரலை விற்கவோ தம் பெயரில் வெளியிடவோ கேட்கவில்லை.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநில மக்கள் இதை வாக்குப்பெட்டியில் தீர்த்தார்கள். கம்பெனிக் கிளைகளுக்குக் கிடைக்கும் அதே கண்டறியும் தகவலையும் பழுதுநீக்கும் கருவியையும் நியாயமான விலையில் வெளி மெக்கானிக்குகளுக்கும் தர வேண்டும் என்ற சட்டம் 2012இல் வந்தது. வண்டி கம்பியில்லா வழியில் நிறுவனத்துக்கு அனுப்பும் தகவலையும் அதில் சேர்க்க வேண்டும் என்று 2020இல் நான்கில் மூவர் வாக்களித்தனர். உற்பத்தியாளர் சங்கம் உடனே நீதிமன்றம் சென்றது.

இந்தியாவும் இதில் பின்தங்கித் தொடங்கவில்லை. 2011இல் ஒரு தனிமனிதர் அளித்த புகாரின் மீது இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் ஆணை பிறப்பித்தது. உதிரிபாகங்களையும் கண்டறியும் கருவிகளையும் வெளிப் பட்டறைகளுக்குத் தராமல் முடக்கியதற்காக 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. வண்டி வாங்கும்வரைதான் நமக்குப் பத்து நிறுவனங்கள். வாங்கிய பிறகு அந்த வண்டியின் உதிரிபாகச் சந்தையில் ஒரே நிறுவனம்தான் அரசன் என்பதை ஆணையம் தெளிவாகக் கண்டது. வெளியில் பழுதுபார்த்தால் உத்தரவாதம் செல்லாது என்று பொத்தாம்பொதுவாக நிபந்தனை விதிக்கக்கூடாது என்றும் கூறியது. அதன்பின் மேல்முறையீடுகளும் வழக்குகளும் தொடர்ந்தன. 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் துறை பழுதுபார்க்கும் உரிமைக்கென ஒரு குழு அமைத்தது. ஆண்டின் இறுதியில் ஓர் இணையவாசலும் திறக்கப்பட்டது. இணையவாசலில் தகவல் இருக்கிறது, கட்டாயம் இல்லை.

நாம் வேண்டுவன நான்கு. நிரற்கோப்பையும் எழுதும் கருவியையும் நாள் கணக்கிலோ ஆண்டுக் கணக்கிலோ நியாயமான கட்டணத்துக்கு எல்லாப் பட்டறைகளுக்கும் தர வேண்டும். சாவி தொடர்பான வேலைக்கு, தொழிற்பயிற்சி பெற்றுப் பின்புலம் சரிபார்க்கப்பட்ட மெக்கானிக்குகளின் பதிவேடு வேண்டும். சட்டப்படி உடைக்கப்பட்ட வண்டியின் பெட்டியை விடுவித்து மறுபடி பயன்படுத்த வழி வேண்டும். 2021ஆம் ஆண்டு வாகன உடைப்பு விதிகளின்படி உடைத்த வண்டிக்குச் சான்றிதழ் இருப்பதால் இது கடினமும் இல்லை. நான்காவது, நிறுவனம் நாட்டை விட்டுப் போனாலும் எழுத்து இங்கேயே இருக்க வேண்டும். ஜெனரல் மோட்டார்ஸ் 2017இல் இந்திய விற்பனையை நிறுத்தியது. மறைமலைநகரில் ஆலை வைத்திருந்த ஃபோர்டு, இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக 2021இல் அறிவித்தது. சேவை தொடரும் என்று அவை சொல்லின. சேவை என்றேனும் நின்றால், சர்வர் என்றேனும் அணைந்தால், அந்த வண்டிகளின் நிரற்கோப்புகளை யாரிடம் போய்க் கேட்பது?

நமக்கு இது புதிய அனுபவம் இல்லை. உ.வே.சாமிநாதையர் ஏடு தேடி ஊர் ஊராக அலைந்த கதையை அறிந்தவர்கள் நாம். படியெடுக்கத் தந்த வீடுகளின் ஏடுகள் நூலாயின. பூட்டி வைத்த வீடுகளின் ஏடுகளைச் செல் அரித்தது. சில ஆடிப்பெருக்கில் ஆற்றோடு போயின. ஏட்டை வைத்திருந்தவர்கள் கெட்டவர்கள் அல்லர். தம்மிடம் இருப்பது தமக்கு மட்டுமே உரியது என்று நம்பினார்கள், அவ்வளவுதான்.

இதை வாசிப்போரில் சிலர் இவ்வாண்டே வண்டி வாங்கக்கூடும். ஷோரூமில் மைலேஜ் என்ன, நிறம் என்ன என்று கேட்கும்போது, இன்னொரு கேள்வியையும் சேர்த்துக் கேளுங்கள்: பத்தாண்டு கழித்து இதன் ஈசிஎம் போனால், எங்கள் தெரு மெக்கானிக்கால் புதியதைப் பூட்டி நிரலை எழுத முடியுமா? விற்பவரிடம் விடை இருக்காது. ஆனாலும் பலர் கேட்டால், அந்தக் கேள்வி அவரோடு நில்லாமல் மேலே போகும்.